டயாலிசிஸ் எடுப்பவர்களின் கால் குடைச்சல்: இரும்பு ஊசியா, மாத்திரையா, நரம்பு மருந்தா?

"ராத்திரி படுத்தா கால் குடையுது. டாக்டர் இரும்பு ஊசி போடலாம்னு சொல்றார். பக்கத்து பெட்காரருக்கு கபாபென்டின்னு ஒரு நரம்பு மாத்திரைலதான் கேட்டுச்சாம். எங்க அத்தை முருங்கைக்கீரை சூப் போதும்ங்கிறாங்க. எதைச் செய்யறது?"

சென்னையில் டயாலிசிஸ் அறையில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், டயாலிசிஸில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கைந்து பேரில் ஒருவருக்கு இந்தத் தொல்லை உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு மொட்டை மாடியில் தனியாக நடப்பவர்கள் இவர்கள்தான். நான்கு மணி நேர டயாலிசிஸில் மூன்றாவது மணி தாண்டியதும், "சிஸ்டர், அரை மணி முன்னாடியே எடுத்துவிடுங்களேன்" என்று கெஞ்சுபவர்களும் இவர்களே. ஊசி குத்திய கையை அசைக்க முடியாது, காலோ அசைந்தே ஆக வேண்டும் என்கிறது. அப்படி ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் குறைந்தால், வாரம் மூன்று முறை வருபவருக்கு 12 மணி நேரம் பத்தரையாகிவிடும். அதனால் இதை வெறும் தூக்கப் பிரச்சினை என்று ஒதுக்க எனக்கு மனசு வருவதில்லை.

## முதலில், இது அதுதானா?

காலை அசைக்காமல் இருக்க முடியாத உந்துதல். ஓய்வாக இருக்கும்போது கூடுவது. எழுந்து நடந்தால் குறைவது. சாயங்காலத்துக்கு மேல் மோசமாவது. இந்த நான்கும் சேர்ந்திருந்து, வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் அதுதான் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சின்ட்ரோம். டயாலிசிஸ் நடுவே கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் சதைப்பிடிப்பு வேறு. சர்க்கரை நோயில் வரும் பாத எரிச்சலும் மரத்துப்போவதும் வேறு, அவை நடந்தாலும் குறையாது. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருக்கும் பலருக்கு இரண்டுமே இருக்கும். "நடந்தா சரியாகுதா?" என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் டாக்டருக்குப் பெரிய துப்பு.

வீட்டில் பெரியவர்கள் "காலை ஆட்டாதே" என்று அதட்டுவார்கள். இவர்கள் வேண்டுமென்றே ஆட்டவில்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் நான் நான்கு கேள்விகளால் பார்க்கிறேன். இரும்பு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருமா? எவ்வளவு சீக்கிரம் கேட்கும், எத்தனை நாள் நிற்கும்? சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் என்ன தேங்கும்? பில்லில் வராத செலவு எது?

முதல் கேள்வியைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். மூளையில் டோபமைன் (நரம்புகள் சேதி அனுப்ப உதவும் ரசாயனம்) தயாரிக்கும் நொதி வேலை செய்ய இரும்பு வேண்டும். இந்த நோய் உள்ளவர்களின் மூளையில் இரும்பு குறைவாக இருப்பதை, முதுகுத்தண்டு நீரைச் சோதித்தும் ஸ்கேன் எடுத்தும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவும் பகலைவிட ராத்திரியில் இறங்கும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலே இரும்பு போதும் என்று நினைப்பது இங்கேதான் தவறுகிறது. ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபாய்டின் ஊசி போட்டு ஹீமோகுளோபினை 11-க்குக் கொண்டுவந்த ஒருவருக்கு, அந்த ரத்தத்தை உண்டாக்கியதிலேயே இரும்பு கரைந்து போயிருக்கலாம்.

இழப்பும் சாதாரணம் இல்லை. ஹீமோடயாலிசிஸில் (மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறை) ஒருவர் வருடத்துக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பை இழக்கிறார். எப்படி? முடிவில் சலைன் விட்டு ரத்தத்தைத் திருப்பி அனுப்பிய பிறகும் டயலைசர் என்ற வடிகட்டியின் இழைகளில் சிவப்புத் திட்டுகள் நிற்கும். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு நனையும். மாதாமாதம் சோதனைக்கு ரத்தம் எடுக்கிறோம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அந்தக் கணக்கில், ஹீமோகுளோபின் 10 உள்ளவருக்கு லைன் முழுசாக உறைந்து 200 மில்லி ரத்தம் வீணானால் ஒரே நாளில் 68 மில்லிகிராம் போய்விடும். உங்கள் டயலைசர் அடிக்கடி உறைகிறதா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவைச் சரி செய்வதே சிலருக்குப் பாதி வைத்தியம்.

இதில் ஹெப்சிடின் என்ற பொருளும் குறுக்கே நிற்கிறது. கல்லீரல் சுரக்கும் இது, குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் வருவதையும், சேமிப்பிலிருந்து வெளியேறுவதையும் தடுக்கிறது. சிறுநீரகம் பழுதானால் இது உடம்பில் தங்குகிறது, தொற்றோ அழற்சியோ வந்தால் இன்னும் ஏறுகிறது. கிடங்கில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தும் சாவி கிடைக்காமல் வீட்டில் உலை வைக்க முடியாத நிலை அது.

அதனால் 'அயர்ன் ஸ்டடீஸ்' ரிப்போர்ட்டில் இரண்டு எண்களைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் சேமிப்பைச் சொல்லும். டிசாட் என்று டாக்டர்கள் சொல்லும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், ஓட்டத்தில் இருக்கும் இரும்பைச் சொல்லும். ரிப்போர்ட்டில் டிசாட் இல்லையென்றால் நீங்களே போடலாம்: சீரம் அயர்னை, அதே ரிப்போர்ட்டில் உள்ள டிஐபிசி என்ற எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். அயர்ன் 45, டிஐபிசி 250 என்றால் 18 சதவீதம்.

| ஃபெரிட்டின் (நானோகிராம்/மில்லி) | டிசாட் | டாக்டரிடம் எதைப் பேசலாம் |
|---|---|---|
| 200-க்குக் கீழ் | 20%-க்குக் கீழ் | இரும்பு ஊசிதான் முதல் தேர்வு |
| 200–500 | 30% வரை | ரத்தசோகை இருந்தால் ஊசிக்கு இடமுண்டு, காலுக்கும் அதுவே உதவுகிறதா என்று கவனிக்கலாம் |
| 500-க்கு மேல் | 20%-க்குக் கீழ் | முதலில் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை), பிறகு மறைந்திருக்கும் தொற்று: கதீட்டர் (டயாலிசிஸுக்குப் போட்ட குழாய்), பல் |
| 700-க்கு மேல் | 40%-க்கு மேல் | இரண்டில் ஒன்று தாண்டினாலும் இரும்பை நிறுத்தி வைப்பது வழக்கம். மற்ற வழிகளைப் பாருங்கள் |

முதல் வரி, அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் டயாலிசிஸ் நிலையில் இருப்பவர்களுக்கு இரும்பு சுக்ரோஸ் ஊசியைப் பரிந்துரைக்கும் எல்லை. இரண்டாவது, சிறுநீரக நிபுணர்களின் கேடிகோ அமைப்பு 2012-இல் ரத்தசோகைக்கு வகுத்தது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் டாக்டரின் கணிப்பு அதிகம் தேவைப்படும்.

ரத்தம் கொடுக்கும் நேரமும் முக்கியம். கடைசி இரும்பு ஊசிக்குப் பிறகு ஒரு வாரமாவது விட்டு, டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். காய்ச்சல் அடிக்கும் வாரத்தில் எடுத்த ஃபெரிட்டினை நம்பாதீர்கள்.

## எதையும் சேர்க்கும் முன், எதை நிறுத்தலாம்

பணம் செலவாகாத வழி இது ஒன்றுதான். குடைச்சலைக் கிளறிவிடும் மருந்துகள் டயாலிசிஸ்காரர்களின் டப்பாவில் சகஜமாக இருக்கும். அரிப்புக்குப் போடும் ஃபெனிராமின் (அவில் என்றால் எல்லோருக்கும் தெரியும்), ஹைட்ராக்சிசின். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட், புரோகுளோர்பெரசின். தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் அமிட்ரிப்டிலின், மிர்டசபின் போன்றவை. அரிப்புக்கு ராத்திரி ஒரு மாத்திரை, அதனால் கால் குடைச்சல், தூக்கம் இல்லை, அதற்கு இன்னொரு மாத்திரை என்று சுற்றுபவர்களைப் பார்த்து வருத்தமாக இருக்கிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் நெஃப்ராலஜிஸ்ட் முன் கொட்டுங்கள். சாயங்காலக் காபியையும் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், தண்ணீர் அளவும் குறையும்.

## கீரை, பேரீச்சை, சுவரொட்டி

ரத்தம் ஊற நம் வீடுகளில் சொல்லும் பட்டியல் அன்பில் பிறந்தது. ஆனால் டயாலிசிஸ் உடம்புக்கு இதில் பாதி ஆபத்து. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், மாதுளை, நெல்லிச் சாறு எல்லாமே பொட்டாசியத்தைக் கூட்டும். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகவும் கூடும். கீரையிலுள்ள இரும்பு ஏற்கெனவே மெதுவாகத்தான் ஏறும், ஹெப்சிடின் நடுவில் நிற்கும்போது இன்னும் குறையும்.

ஆட்டு ஈரலிலும் சுவரொட்டியிலும் (மண்ணீரல்) உள்ள இரும்பு உடம்பில் நன்றாகவே சேரும். அசைவம் சாப்பிடுபவர்கள், டயட்டீஷியன் ஒத்துக்கொண்டால், எப்போதாவது வறுவலாகச் சாப்பிடலாம். பாஸ்பரஸ் கூடுதல் என்பதால், அதைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் பைண்டர் மாத்திரையை அந்தச் சாப்பாட்டோடு போட வேண்டும். சூப்பாக வேண்டாம், அது தண்ணீர்க் கணக்கில் சேரும். இரும்புச் சமநிலை கெடாமல் இருப்பவர்களுக்கு உணவு துணை. குடைச்சலுக்கு வைத்தியமாக இதை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

## இரும்பு மாத்திரை

ஃபெரஸ் அஸ்கார்பேட் போன்ற மாத்திரைகள் மலிவு, ஊசி இல்லை, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஆனால் கணக்கு இடிக்கிறது. வருடத்துக்கு 2 கிராம் இழப்பென்றால் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல். ஆரோக்கியமான ஒருவரின் குடலே சாதாரணமாக நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான் உள்ளே எடுக்கிறது. அதோடு பான்டோபிரசோல் வயிற்று அமிலத்தைக் குறைக்கும், கால்சியம் பைண்டர் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், டீயும் அப்படித்தான்.

மறைந்திருக்கும் செலவு மலச்சிக்கல். சிறுநீர் போகாதவர்களுக்குப் பொட்டாசியம் கணிசமாக மலத்தில்தான் வெளியேறுகிறது, அங்கேயும் அடைத்தால் ரத்தத்தில் ஏறும். மலம் கறுப்பாகப் போவதால், குடலில் ரத்தக்கசிவு இருந்தாலும் தெரியாமல் போகலாம்.

இது யாருக்குச் சரி? வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்கு. அவர்களுக்கு ரத்த இழப்பு குறைவு, ஊசிக்கென்று தனியாக ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்கும். அவர்கள் சில மாதம் மாத்திரையை முயன்று டிசாட் ஏறுகிறதா என்று பார்க்கலாம். பாஸ்பரஸும் கூடுதலாக உள்ளவர்கள் ஃபெரிக் சிட்ரேட் பைண்டர் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டே இரும்பையும் கொஞ்சம் சேர்க்கும்.

## இரும்பு ஊசி

ஹீமோடயாலிசிஸில் இருந்து, எண்கள் இரண்டும் குறைவாக இருந்தால், என் சாய்வு இந்தப் பக்கம்தான். குடலைத் தாண்டி நேராக ரத்தத்துக்குப் போகிறது, தனியாக நரம்பில் குத்தவும் வேண்டாம். மெஷின் லைனிலேயே விடுகிறோம். இரும்பு சுக்ரோஸ் ஆம்பூல் 5 மில்லி, அதில் 100 மில்லிகிராம். சிரிஞ்சில் ஏற்றினால் டிகாக்ஷன் நிறம். பெரும்பாலும் சலைனில் கலந்து மெதுவாக விடுவோம். வேகமாகப் போனால் பிரஷர் இறங்கும், வாயில் உலோகச் சுவை தட்டும். ஒவ்வாமை அரிது, ஆனாலும் முதல் தடவை நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே குரல் கொடுங்கள்.

வழக்கமான சுற்று 10 தடவை, மொத்தம் 1000 மில்லிகிராம். வாரம் மூன்று முறை வருபவருக்கு மூன்றரை வாரத்தில் முடியும். செலவை நினைத்து வாரம் இரண்டே முறை வருபவர்களுக்கு ஐந்து வாரம். அதனால் "நாலு ஊசி போட்டாச்சு, ஒண்ணும் தெரியல" என்று பாதியில் விடாதீர்கள்.

எத்தனை நாள் நிற்கும் என்பதில் நேர்மையாக இருக்க வேண்டும். 2004-இல் டயாலிசிஸ் நோயாளிகள் 25 பேரிடம் நடந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்கு 1000 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரானும் (இன்னொரு வகை இரும்பு ஊசி), மற்றவர்களுக்குச் சலைனும் ஏற்றினார்கள். இரும்பு பெற்றவர்களுக்கு முதல் வாரமே குடைச்சல் குறைந்தது, இரண்டாவது வாரத்தில் பலன் உச்சம், நான்காவது வாரத்தில் மங்கத் தொடங்கியது. சிறிய ஆய்வுதான். ஆனால் இழப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும் உடம்பில் ஒரு சுற்றோடு விஷயம் முடியாது என்பது அதிலிருந்து புரிகிறது. பராமரிப்பு அளவும், குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தச் சோதனையும் வேண்டும்.

"இரும்பு அதிகமானால் தொற்று வருமே, இதயத்துக்கு ஆகாதே" என்று பயப்படுபவர்கள் உண்டு. பிரிட்டனில் 2141 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான பிவோட்டல் ஆய்வில், மாதம் 400 மில்லிகிராம் முன்கூட்டியே கொடுக்கப்பட்டவர்களுக்குத் தொற்று கூடவில்லை, இதய பாதிப்புகள் குறைந்தன. அது கால் குடைச்சலைப் பற்றிய ஆய்வு இல்லை, பாதுகாப்புக்காகத்தான் இங்கே சொல்கிறேன். அங்கேயும் ஃபெரிட்டின் 700-ஐயோ டிசாட் 40 சதவீதத்தையோ தாண்டினால் நிறுத்தினார்கள். குளிர் காய்ச்சலோ கழுத்துக் கதீட்டரில் சீழோ இருக்கும்போது ஊசியைத் தள்ளிப்போட வேண்டும்.

சில சென்டர்களில் ஊசி கட்டணத்துக்குள் அடங்கும், சில இடங்களில் வெளியே வாங்கி வரச் சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் எடுப்பவர்கள், ஊசியும் இரும்புச் சோதனையும் அதில் சேர்த்தியா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பல குடும்பங்கள் ஊசிக்குப் பணம் ஒதுக்கி, சோதனைக்கு ஒதுக்குவதில்லை. சோதனை இல்லாமல் மாதக்கணக்கில் இரும்பு ஏற்றுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள், ஈரலில் சேரும்.

## கபாபென்டின்

டிசாட் நன்றாக இருந்தும் குடைச்சல் இருப்பவர்களுக்கும், ஊசிச் சுற்று முடியும்வரை ஒரு ராத்திரியாவது தூங்க வேண்டும் என்பவர்களுக்கும் இது நல்ல வழி. 2025 வழிகாட்டுதலும் டயாலிசிஸ் நிலையில் இதைப் பரிந்துரைக்கிறது. கூடவே எரிச்சல் உள்ள சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டுக்கும் உதவலாம்.

அளவில்தான் உயிரே இருக்கிறது. இந்த மருந்து முழுக்கச் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. நல்ல சிறுநீரகம் உள்ளவர் உடம்பில் 5 முதல் 7 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சிறுநீரே போகாதவருக்கு, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பாதியாகக் குறைய 132 மணி நேரம். அதனால் டயாலிசிஸ் முடிந்த பிறகு 100 மில்லிகிராம் என்று தொடங்கி, தேவைப்பட்டால் 300 வரை போவதுதான் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் முதுகுவலிக்கு தினம் மூன்று வேளை போடும் அதே மாத்திரையை நீங்கள் போட்டால் தள்ளாட்டம், உளறல், கை கால் வெட்டிவெட்டி இழுப்பது, கீழே விழுவது எல்லாம் நடக்கும். மூன்றாவது ஷிஃப்ட் முடித்து ராத்திரி தனியாகத் தாம்பரம் ரயிலில் போகிறவர், வீட்டுக்குப் போய்ப் படுக்கும்முன் போட்டுக்கொள்ளட்டும்.

அட்டையின் பின்புறத்தையும் படியுங்கள். நம் ஊர் மருந்துக்கடைகளில் கபாபென்டினோடு நார்ட்ரிப்டிலின் சேர்ந்த கூட்டு மாத்திரை நிறைய விற்கிறது. நார்ட்ரிப்டிலின் குடைச்சலைக் கூட்டக்கூடியது. கபாபென்டின் மட்டும் உள்ளதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

## டோபமைன் மாத்திரைகள்

பிராமிபெக்சோல், ரோபினிரோல், லெவோடோபா. முதல் ராத்திரியே அடங்கிவிடும் என்பதால் நோயாளிகளுக்குப் பிடிக்கும். பின்விளைவு மாதங்கள் கழித்து வரும்: ராத்திரி பத்துக்கு வந்த குடைச்சல் சாயங்காலம் நாலுக்கே தொடங்கும், கைக்கும் பரவும், அளவைக் கூட்டக் கூட்ட இன்னும் மோசமாகும். சிலருக்குச் சூதாட்டம், கண்மூடித்தனமாகச் செலவு செய்வது போன்ற அடக்க முடியாத பழக்கங்களும் வரும். செல்போனில் ரம்மி ஆட ஆரம்பித்தால் அது மருந்தின் வேலையாகவும் இருக்கலாம் என்று குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிராமிபெக்சோல் சிறுநீரகம் வழியாகப் போவது, டயாலிசிஸிலும் அவ்வளவாக வெளியேறாது. மற்ற வழிகள் ஒத்துவராதபோது, குறுகிய காலத்துக்கு, நரம்பியல் டாக்டரின் கண்காணிப்பில் மட்டும் என்பது என் கருத்து. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

## வைட்டமின் சி, பயிற்சி

ஈரானின் ஷிராஸில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், தினம் 200 மில்லிகிராம் வைட்டமின் சி எட்டு வாரம் கொடுத்ததில் குடைச்சல் குறைந்தது. மலிவான வழிதான். ஆனால் கடையில் கிடைக்கும் சப்பும் மாத்திரை பெரும்பாலும் 500 மில்லிகிராம். கூடுதலாகப் போனால் ஆக்சலேட்டாக மாறி, வெளியேற வழியின்றி உடம்பில் படியும். அளவை டாக்டர் சொல்லட்டும்.

டயாலிசிஸ் படுக்கையிலேயே சைக்கிள் மிதிப்பது கிரீஸ் நாட்டு ஆய்வுகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. நம் சென்டர்களில் சைக்கிள் கிடைப்பது அபூர்வம். பாதத்தை மேலும் கீழுமாக மடக்கி நீட்டுவது, முழங்காலை மெல்ல மடக்குவது போதும். கடைசி ஒரு மணி நேரத்துக்குக் குறுக்கெழுத்து, செஸ் என்று மூளைக்கு வேலை கொடுங்கள், சும்மா படுத்திருப்பதைவிடத் தேவலை. முடிந்தால் காலை ஷிஃப்ட் கேளுங்கள், குடைச்சல் நேரமும் டயாலிசிஸ் நேரமும் மோதாது.

## ரத்தம் ஏற்றுவதும் மாற்றுச் சிறுநீரகமும்

"ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திட்டா இரும்பும் சேர்ந்து வந்துடுமே?" வரும், ஒரு யூனிட்டில் 200 முதல் 250 மில்லிகிராம். இரும்பு சுக்ரோஸ் இரண்டரை ஆம்பூலில் கிடைப்பது அது. ஆனால் அந்நிய ரத்தத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடிகள், பின்னால் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், இந்தக் குடைச்சலைப் பெரும்பாலும் வேரோடு போக்குவது மாற்றுச் சிறுநீரகம்தான். 2002-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மாற்று அறுவைக்கு முன் குடைச்சல் இருந்த 11 பேருக்கும் அறுவைக்குப் பின் 1 முதல் 21 நாட்களுக்குள் அது மறைந்தது. மாற்றிய சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் திரும்பியும் வந்தது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களும், வீட்டில் யாராவது கொடுக்க முன்வந்திருப்பவர்களும், ரத்தம் ஏற்றச் சொன்னால் உடனே தலையாட்டாமல், "இரும்பு ஊசியும் எரித்ரோபாய்டினும் கூட்டி ஒரு மாதம் பார்க்கலாமா, டாக்டர்?" என்று கேளுங்கள். ரத்தப்போக்கோ நெஞ்சுவலியோ இருந்து அவசரமென்றால் தயங்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றிய தேதியை உங்கள் டயாலிசிஸ் நோட்டில் குறித்து வைத்து, மாற்று அறுவைக் குழுவிடமும் சொல்லிவிடுங்கள்.